தண்ணீருக்குள் கேட்ட பேர்

குற்றாலத்துக்கு ஜனங்கள் வருவது தலையை நனைக்கத்தான். சாரல் அடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்குவார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்து நிற்பார்கள். அதே குற்றாலத்தில், அந்த ஜனங்களுக்கு எண்ணெய் தேய்த்துப் பிழைத்த நான், சில வருஷங்கள் என் தலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள முடியாமல் இருந்தேன். ஊற்றினால் என்னை யாரோ கூப்பிட்டார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன். ரயில் தண்டவாளத்தில் போய்ப் படுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த நிலையிலிருந்து என்னைத் தூக்கியவர் யார் என்று ஆண்டவரை நம்புகிற உங்களுக்குத் தெரியும். எப்படித் தூக்கினார் என்பதை மட்டும் சொல்கிறேன். நடந்ததற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. எனக்கு விளங்காததை விளங்கியதாகவும் சொல்லப் போவதில்லை.

என் பேர் மாடசாமி. ஊர் திருவேங்கடம் பக்கம், கரிசல் காடு. மழை அபூர்வம். ஆனால் கிணறுகள் ஆழமானவை. கயிறு அறுந்து விழுகிற வாளியையும் குடத்தையும் முங்கி எடுத்துக் கொடுத்தே நான் நீச்சல் பழகினேன். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. கால் ஓர் இடத்தில் தரிக்காது. தூத்துக்குடி உப்பளத்தில் இருந்தேன். கொல்லத்தில் முந்திரிக்கொட்டை ஆலையில் இருந்தேன். மலையில் ஏலத்தோட்டத்தில் இருந்து குளிர்காய்ச்சல் வாங்கிக்கொண்டு இறங்கினேன். பட்டினி கிடந்ததும் அடி வாங்கியதும் உண்டு. ஊர் சுற்றுகிறவனுக்கு அதெல்லாம் சாதாரணம். செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்த சமயத்தில் குற்றாலத்துக்கு வந்து, எண்ணெய் தேய்க்கிறவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

அங்கே இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. சீசனில் யாராவது ஆற்றோடு போய்விடுவார்கள். அருவிக்குக் கீழே சிற்றாற்றில் ஆழமான இடங்கள் உண்டு. கசம் என்போம். பிரேதம் அதற்குள் பாறை இடுக்கில் போய்ச் செருகிக்கொள்ளும். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முங்கி, காலால் தடவிப் பார்த்து எடுக்க வேண்டும். மேலே கயிறு பிடிப்பவன் இசக்கி. அவனும் எண்ணெய் தேய்க்கிறவன்தான். வாய் ஓயாமல் பேசுவான். ஆனால் நான் தண்ணீருக்குள் போய்விட்டால் வாயை மூடிக்கொள்வான்.

அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. முங்குகிறவன் தண்ணீரில் இருக்கும்வரை கரையில் ஒருவரும் அவன் பேரைச் சொல்லக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் "கயிறு, மேல வா", "கயிறு, இடது பக்கம்" என்றுதான் சொல்வார்கள். தண்ணீரில் இருக்கிறவனுக்குப் பேர் கிடையாது. அவன் வெறும் கயிறு. ஏன் என்று முதல் தடவை கேட்டதற்கு இசக்கி சொன்னான்: "கீழ கெடக்குறவனுக்கு ஒன் பேரு தெரிஞ்சா விடுவானாலே? நீ முகூர்த்த வீட்டுக்கா போற?"

அது ஐம்பத்தேழாம் வருஷச் சீசன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் வாலிபப் பையன் ஒருவன் ஆற்றில் போய்விட்டான். அவனுடைய தாயார் கரையில் உட்கார்ந்திருந்தார். அழுகை நின்றுபோயிருந்தது. நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். பேர் என்ன என்று கேட்டார். ஒரு தாய் கேட்கும்போது எப்படிச் சொல்லாமல் இருப்பது? சொன்னேன்.

முங்கினேன். பாறைக்கு அடியில் கை போகிற அளவுக்கு இடுக்கு இருந்தது. தோளைச் செருகித் தடவினேன். ஒன்றும் படவில்லை. மூச்சு முட்டுகிற நேரத்தில் என் பேர் கேட்டது.

அப்போது கரையில் நடந்ததை இசக்கி பிறகு சொன்னான். நான் மேலே வர நேரமாகவும் அந்த அம்மாள் எழுந்து, கசத்தைப் பார்த்து, "மாடசாமி, எம்புள்ளைய விட்டுட்டு வந்துராதப்பா" என்று கூப்பிட்டிருக்கிறார்.

அவர் கூப்பிட்டது உண்மை. ஆனால் முங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும், கரையில் பேசுகிற பேச்சு அந்த ஆழத்தில் கேட்காது. அருவி இரைச்சல் மட்டும் உடம்புக்குள் அதிரும். நான் கேட்டது பெண் குரலும் அல்ல. ஆண் குரல். கரையிலிருந்து வரவில்லை. என் காதுக்குப் பக்கத்தில், அந்த இடுக்குக்குள்ளிருந்து வந்தது. ஒரே ஒரு தரம், மாடசாமி என்று.

கயிற்றைப் பிடித்து மேலே ஏறினேன். அந்தப் பையனின் உடல் பிறகு கீழே தென்காசிப் பக்கம் தானாக ஒதுங்கியது. வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் காரியம் அவர்களுக்கு அதோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. மறுநாள் காலையில் அருவிக்குப் போய்த் தலையைக் கொடுத்தேன். காதில் தண்ணீர் இறங்கியதும் அதே குரல் கேட்டது. தள்ளி வந்து நின்றேன், குரல் இல்லை. திரும்பத் தலையைக் கொடுத்தேன், கேட்டது. வாளித் தண்ணீரில் பார்த்தேன். ஓடைத் தண்ணீரில் பார்த்தேன். எந்தத் தண்ணீரானாலும் காதை மூடினால் ஒரு தரம் கூப்பிடும். இரண்டாம் தரம் கூப்பிடாது. எங்கள் பக்கத்தில், ஒரு தரம் மட்டும் கூப்பிடுகிற குரலுக்கு யாரும் பதில் குரல் கொடுக்க மாட்டார்கள். மனுஷன் என்றால் மறுபடியும் கூப்பிடுவான் என்பார்கள்.

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அது அடுப்படியிலிருந்து சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி சாதாரணமாகக் கூப்பிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு முங்குகிற வேலை போயிற்று. எண்ணெய் தேய்க்கிற வேலையும் போயிற்று. சாரல் காதில் படாமல் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிகிறவனிடம் யார் வந்து தலையைக் கொடுப்பார்கள்? மந்திரித்துக் கயிறு கட்டிப் பார்த்தேன். வைத்தியரிடம் காதைக் காட்டினேன். அவர் எண்ணெய் விட்டார். அது எண்ணெய்க்குக் கட்டுப்படவில்லை. தண்ணீரே இல்லாத ஊருக்குப் போய்விடலாம் என்று திருவேங்கடத்துக்கே திரும்பினேன். அங்கே குளிக்காமல் இருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பல மாதங்கள் நிம்மதியாக இருந்தேன். ஒரு மத்தியானம் பருத்திக் காட்டில் நின்றபோது கோடை மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மழையைக் கண்டு சுற்றிலும் எல்லாரும் சந்தோஷப்பட்டு நின்றார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தேன். விரல் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கியது. மாடசாமி என்றது.

இனி எங்கே போனாலும் ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

தென்காசிக்குத் திரும்பிக் கைவண்டி இழுத்தேன். அங்கேதான் ஞானம்மாள் அக்காவின் பழக்கம் ஏற்பட்டது. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி எடுத்துத் தென்காசியில் கடை போட்டிருந்தவள். புருஷன் இல்லை. குரல் மட்டும் நாலு பேருக்கு உண்டு. என் வண்டியை வாடகைக்குப் பிடித்த முதல் வாரமே மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்:

"ஏலே, நீ தலைக்குக் குளிச்சி எத்தன நாளாச்சி? வண்டி மாட்டக்கூட வாரத்துக்கு ஒருக்கா குளிப்பாட்டுதாவ."

"தலைக்கு ஊத்துனா ஒத்துக்கிடாதுக்கா."

"ஒத்துக்கிடாதா? அப்ப கத்தரிக்கா மூட்டையில சாயாத. எடுத்தவன் திருப்பிக் கொண்டாந்துருவான்."

வாய் அப்படி. ஆனால் மத்தியானம் அவள் சாப்பாட்டில் எனக்குப் பங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஓலைக் கொட்டகையில் நடக்கிற ஒரு சிறிய சபைக்குப் போவாள். வா என்றாள். மழைக்கு ஒதுங்க ஓர் இடம் என்று போனேன். வாசல் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

பிரசங்கத்தில் எனக்கு அதிகம் புரியவில்லை. ஜெபத்தில்தான் பிடிபட்டேன். ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பயமில்லாமல் கூப்பிட்டார்கள். அவர் தங்கள் பேரைச் சொல்லித் திரும்பக் கூப்பிடுவதாகவும் பாடினார்கள். நான் எதற்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தேனோ அதை இந்த ஜனங்கள் கேட்டு வாங்குகிறார்களே என்று ஆச்சரியப்பட்டேன். அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். என் பாவத்துக்காக ஒருவர் செத்தார், உயிரோடு எழுந்தார் என்பதை எந்த நாளில் நம்பினேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் வண்டியை இழுத்துக்கொண்டு யானைப்பாலத்தைத் தாண்டும்போது, என்னை அறியாமல் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு போகிறேன் என்பது தெரிந்தது. அப்போது நம்பியிருந்தேன்.

நம்பினவன் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். எங்கள் சபையில் முழுக்கு ஞானஸ்நானம். ஆற்றுக்குள் நிறுத்தி, பேர் சொல்லி, தலை முழுவதும் தண்ணீருக்குள் போக முக்கி எடுப்பார்கள். பேரைச் சொல்வார்கள், தண்ணீரில் முக்குவார்கள். என் பயம் எதுவோ அது முழுவதும் அந்த ஒரு நிமிஷத்தில் இருந்தது.

எடுக்காதவனுக்குத் திருவிருந்தில் பங்கு இல்லை. அப்பமும் திராட்சரசமும் வரும்போது நான் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொள்வேன். முதல் தடவை நாள் குறித்தபோது வடகரையில் அறுவடை என்று போய்விட்டேன். அடுத்த தடவை செங்கோட்டைக்கு மூட்டை ஏற்றப் போனேன். ஞானம்மாள் அக்கா பாவூர்சத்திரம் சந்தையில் வைத்து என்னைப் பிடித்தாள்.

"எங்கலே ஓடுத? எல்லாரும் கேக்காவ, நீ விசுவாசியா, இல்ல வெருகுப் பூனையா?"

"அக்கா, தண்ணிக்குள்ள போவ முடியாதுக்கா."

"குத்தாலத்துல பொணம் எடுத்தவன்தான நீ?"

"அதனாலதாங்கா."

அவள் வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். சந்தை இரைச்சலுக்கு நடுவில் முழுவதும் சொன்னேன். அவள் ஒரு கேலியும் பேசவில்லை. கடைசியில், "இத ஐயாகிட்ட சொல்லு. நாளைக்கே சொல்லு. இல்லன்னா நான் சொல்லிருவேன்" என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் பாஸ்டர் ஐயா பட்டாளத்தில் இருந்து வந்தவர். பர்மாப் பக்கம் சண்டையில் இருந்திருக்கிறார். பேச்சு குறைவு. நான் சொல்லி முடித்ததும், ஊரில் இருக்கிற பெரிய கிறிஸ்தவக் கோயிலில் தெளிப்பு ஞானஸ்நானம்தான், நெற்றியில் மூன்று துளி, காதுக்குத் தண்ணீர் போகாது, மனம் இருந்தால் அங்கே போ, அங்கேயும் இதே ஆண்டவர்தான், நான் வருத்தப்பட மாட்டேன் என்றார். பெருந்தன்மையான பேச்சு. நானும் ஒரு நாள் அந்தக் கோயில் வாசல்வரை போனேன். அங்கே நின்றபோது, இதுவும் ஓட்டம்தான் என்று தோன்றியது. திருவேங்கடத்துக்கு ஓடினேன், வடகரைக்கு ஓடினேன், இப்போது இங்கே. திரும்பி வந்தேன்.

அப்படியானால் பேரை மாற்றி ஞானஸ்நானம் கொடுங்கள் என்று கேட்டேன். புதுப் பேர் வைத்துவிட்டால் அந்தக் குரலுக்கு ஆள் அகப்படாது என்பது என் கணக்கு. பக்கத்தில் நின்ற ஞானம்மாள் அக்காவால் பொறுக்க முடியவில்லை. "தண்ணி என்ன தபால்காரனாலே, விலாசம் மாறிட்டுன்னு திரும்பிப் போவ?" என்றாள். ஐயாவே சிரித்துவிட்டார்.

பிறகு சொன்னார். "அது என்னன்னு எனக்குத் தெரியல தம்பி. தெரிஞ்ச மாதிரி பேசவும் மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லுதேன். தண்ணிக்குள்ள நான் ஒன் கைய விட மாட்டேன்."

சபை முழுவதும் எனக்காக உபவாசம் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஜெபம். அந்தச் சத்தம் அடங்கிப்போக வேண்டும், மறுபடியும் இவன் காதில் விழக்கூடாது என்பதுதான் எல்லாருடைய ஜெபமும். சபை மூப்பர் பாக்கியநாதன் அண்ணாச்சி சைக்கிள் கடை வைத்திருந்தார். நேர்மையான மனுஷர். அது பிசாசின் குரல்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. தரையில் அடித்துக் கட்டளையிட்டு ஜெபிப்பார். எனக்காக அவ்வளவு கண்ணீர் விட்டவர் வேறு யாரும் இல்லை. நானும் அதே ஜெபத்தைத்தான் செய்தேன். ஆண்டவரே, அந்த வாயை மூடும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

சீசன் முடிந்த பிறகு, புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். நல்ல வெயில். மலை உச்சியில் மட்டும் கறுப்பாக ஒரு மேகம் படுத்துக் கிடந்தது. புரட்டாசியில் அது வழக்கம்தான், யாரும் கவனிக்கவில்லை. குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில், மணல் பரந்த ஓர் இடத்தில் ஆறு இடுப்பளவுதான் ஓடியது. அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. சபையார் கரையில் நின்று பாடினார்கள். என்னோடு ஞானஸ்நானம் எடுக்க இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களைப் பிடித்துக்கொண்டு ஞானம்மாள் அக்கா கணுக்கால் தண்ணீரில் நின்றாள். நான் கடைசியில் எடுக்கிறேன் என்றேன். ஐயா, இல்லை, நீதான் முதலில் என்றார்.

நடு ஆற்றுக்குப் போனோம். ஐயா ஒரு கையால் என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். மறு கை என் பிடரியில் இருந்தது. விசுவாசிக்கிறாயா என்று கேட்டார். விசுவாசிக்கிறேன் என்றேன். பல் கிட்டிப் போயிருந்தது. என் பேரைச் சொன்னார்.

அவர் வாய் மூடுமுன் அந்தக் குரல் கேட்டது.

என் தலை நனையவில்லை. காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, காய்ந்த காதில், வெயிலில், திறந்த வெளியில் கேட்டேன். மேற்கே, மலைப் பக்கத்திலிருந்து வந்தது. மாடசாமி என்றது. எப்போதும் போல அதோடு நிற்கும் என்று நின்றேன். நிற்கவில்லை. மறுபடியும் மாடசாமி என்றது. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது அது சாப்பிடக் கூப்பிடுகிற குரலாக இல்லை. வண்டிக்கு முன்னால் நிற்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற குரலாக இருந்தது.

"ஐயா, கூப்பிடுது" என்றேன். "மூணு தரம் கூப்பிட்டுட்டு. வெளிய போயிருவோம் ஐயா."

கரையில் பாட்டு நின்றுபோயிற்று. பாக்கியநாதன் அண்ணாச்சி முழங்கால் தண்ணீருக்கு இறங்கிவிட்டார்.

"விடாதீங்க ஐயா. பிசாசு தடுக்கான். இந்த நேரத்துல விட்டா இவன் எந்தக் காலத்துலயும் எடுக்க மாட்டான். முக்குங்க."

அவர் சொன்னதில் குற்றம் இல்லை. அந்த இடத்தில் நின்ற எந்த விசுவாசியும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஞானஸ்நானத் தண்ணீர்வரை வந்து பின்வாங்குகிறவனைப் பிசாசு இழுக்கிறான் என்றுதான் நாங்கள் எல்லாரும் படித்திருக்கிறோம். சிலர் "முக்குங்க, முக்குங்க" என்று சொல்லி ஸ்தோத்திரம் போட்டார்கள். ஐயாவின் கை என் பிடரியில்தான் இருந்தது. பட்டாளத்துக் கை. அவர் நினைத்திருந்தால் ஒரு நொடியில் அமுக்கியிருக்கலாம்.

ஐயா என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. பிறகு பிடரியிலிருந்து கையை எடுத்தார். மற்றக் கையை விடவில்லை. "வா" என்று சொல்லி, என்னை நடத்திக்கொண்டு கரைக்குத் திரும்பினார்.

மூப்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ ஓர் அம்மாள் விசும்பினாள். அந்த நேரத்தில் எனக்கு இருந்த வெட்கத்தை எழுத முடியாது. முழங்கால் தண்ணீருக்கு வந்தபோதுதான் என் மூக்கில் பட்டது. மண் வாசனை. அழுகிய இலை வாசனை. ஆற்று ஓரத்தில் வேலை செய்தவனுக்கு அது என்னவென்று தெரியும். தண்ணீரைப் பார்த்தேன். சருகும் மரப்பட்டையும் மிதந்து வந்தன. காலடியில் கூழாங்கல் தெரியவில்லை.

"அக்கா, அவங்களக் கூட்டிக்கிட்டு மேல ஏறு. அண்ணாச்சி, ஏறுங்க. மேல, மேல" என்று கத்தினேன். என் சத்தத்தில் என்ன இருந்ததோ, ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. மூப்பர் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். ஞானம்மாள் அக்கா இன்னொருத்தியை ஏறக்குறைய தூக்கிக்கொண்டே ஏறினாள்.

பிறகுதான் இரைச்சல் கேட்டது. வளைவைத் திரும்பி வந்தது. மலையில் எங்கேயோ கொட்டிய மழை மொத்தமும், செம்மண் நிறத்தில், வேரோடு பிடுங்கிய மரங்களைச் சுமந்துகொண்டு வந்தது. நாங்கள் நின்ற மணல் போயிற்று. கரையில் கழற்றி வைத்த செருப்புகள் போயின. ஐயாவும் நானும் நின்ற இடத்தில் ஒரு முழு மரம் தலைகீழாக உருண்டு போனதை எல்லாரும் பார்த்தார்கள். மேலே வெயில் அடித்துக்கொண்டே இருந்தது.

பாக்கியநாதன் அண்ணாச்சி அந்த மேட்டிலேயே முழங்கால் போட்டார். "நான் முக்கச் சொன்னனே" என்றார். "ஐயா, நான் முக்கச் சொன்னனே." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஐயா போய் அவர் தோளில் கை வைத்தார்.

ஆறு தெளிந்த பிறகு அதே இடத்துக்குப் போனோம். இந்தத் தடவை நானே முதலில் இறங்கினேன். புதுப் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டது, அந்தப் பேரில்தான் பிழைத்தேன், அதிலேயே ஞானஸ்நானம் கொடுங்கள் என்றேன். சபையில் சிலருக்கு அது இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் ஐயா பிடித்துக்கொண்டார். மறுபக்கம் நானும் வருகிறேன் என்று பாக்கியநாதன் அண்ணாச்சி இறங்கி வந்து பிடித்துக்கொண்டார்.

பேரைச் சொன்னார்கள். முக்கினார்கள். தண்ணீர் மூடியது.

ஒன்றும் கேட்கவில்லை.

தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது. நான் காத்திருந்தேன். அவர்கள் தூக்கியபோது, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நானே உடம்பைக் கீழே அழுத்தியிருக்கிறேன். தூக்கி நிறுத்தியபோது அழுதுகொண்டிருந்தேன். ஐயா காதோரம் குனிந்து, கேட்டதா என்று விசாரித்தார்.

"இல்ல ஐயா" என்றேன். "கேக்கும்னு இருந்தேன்."

அன்றைக்கு முதல் முதலாகத் திருவிருந்தில் சேர்ந்தேன். அதற்குப் பிறகு அந்தக் குரல் எனக்குக் கேட்கவில்லை. அருவியில் நிற்கிறேன், மழையில் நனைகிறேன். கூப்பிட்டால் போய் முங்கவும் செய்கிறேன். வருஷங்கள் போயும் தென்காசியை விட்டு நான் போகவில்லை. போக வேண்டும் என்று கால் துடிக்கிற நாட்கள் இப்போதும் உண்டு. அந்த நாட்களில் கொட்டகைக்குப் போய் விளக்குச் சிமினியைத் துடைத்து வைத்துவிட்டு வருவேன்.

அது யார் குரல் என்று கேட்கிறார்கள். ஆற்று ஓரத்தில் பழகிய காது, வெள்ளம் வரும் அறிகுறியை உனக்கு முன்னால் கண்டுகொண்டிருக்கும் என்று படித்த தம்பி ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் வாசனை வந்தது குரலுக்குப் பிறகு. அதை நான் மாற்றிச் சொல்ல முடியாது. தேவதூதன் என்கிறவர்களும் உண்டு. முதல் தடவை அந்தப் பாறை இடுக்குக்குள் கூப்பிட்டதும் அதே குரல்தான். அங்கே என்னை எதற்குக் கூப்பிட்டது, உள்ளே வரவா, வெளியே போகவா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தெரிந்தது ஒன்றுதான். நானும் என் சபையும் எத்தனையோ வெள்ளிக்கிழமை வயிற்றைக் காயப்போட்டு, அந்தச் சத்தத்தை அடக்கும் என்று கேட்டோம். ஆண்டவர் கொடுக்கவில்லை. ஜெபம் கேட்கப்படவில்லை என்று நான் உள்ளுக்குள் குமுறியதும் உண்டு. நாங்கள் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்திருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அமைதியாகத் தண்ணீருக்குள் போயிருப்பேன். ஐயா என் பக்கத்தில் நின்றிருப்பார். அந்த இரண்டு பெண்களும் எங்களுக்குப் பின்னால் முறைக்குக் காத்து நின்றிருப்பார்கள்.

இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, ஏதோ ஒரு பயத்தால் கரையிலேயே நிற்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். எத்தனை கேட்டும் அவர் நீக்கிப் போடாத ஒன்று உங்களிடமும் இருக்கும். பயத்தோடேயே வாருங்கள். நான் பயம் தெளிந்து இறங்கியவன் அல்ல, பல் கிட்டி நின்றவன். கையைப் பிடித்துக்கொள்ள ஒரு சபை வேண்டும். அதற்குள் வந்துவிடுங்கள். மற்றது அவர் காரியம்.